கல்லாப்பெட்டிக்கு நிறம் உண்டா?

2013 டிசம்பரில் இத்தாலியில் ஒரு படத்துக்கு வந்த போஸ்டர்களைப் பார்த்தவர்கள் அதை பிராட் பிட் நடித்த படம் என்றே நினைத்திருப்பார்கள். போஸ்டர் முழுக்க அவர் முகம். இன்னொரு போஸ்டரில் மைக்கேல் ஃபாஸ்பெண்டர். படம் ‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’. கடத்திச் செல்லப்பட்டு 12 ஆண்டுகள் அடிமையாக வதைபட்ட சாலமன் நார்த்தப் என்ற கறுப்பரின் உண்மைக் கதை. நார்த்தப்பாக நடித்து படத்தையே தோளில் சுமந்தவர் சிவெட்டல் எஜியோஃபர். போஸ்டரில் அவருக்குக் கிடைத்தது ஓரமாக ஓடும் ஒரு சின்ன உருவம். பிராட் பிட் படத்தில் தலைகாட்டுவது சில நிமிடங்கள்தான்.

கண்டனம் எழுந்ததும் போஸ்டர்கள் திரும்பப் பெறப்பட்டன. ஆனால் அவற்றைத் தயாரித்தவர்களின் மனதில் ஓடிய கணக்கு சினிமா வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கறுப்பு முகத்தைப் பார்த்தால் ரசிகன் டிக்கெட் வாங்க மாட்டான். அதுவும் வெளிநாட்டு ரசிகன் வாங்கவே மாட்டான். அந்தப் படம் அமெரிக்காவில் வசூலித்தது சுமார் 5.7 கோடி டாலர். வெளிநாடுகளில் வசூலித்தது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். 2014 மார்ச்சில் சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கியது.

போஸ்டர் விவகாரம் அத்தோடு நிற்கவில்லை, அதோடு ஆரம்பிக்கவும் இல்லை. 2009-ல் ‘கப்பிள்ஸ் ரிட்ரீட்’ என்ற காமெடிப் படத்தின் அமெரிக்க போஸ்டரில் நான்கு ஜோடிகள் இருந்தன. பிரிட்டனுக்குப் போனபோது மூன்று ஜோடிகளாகிவிட்டன. காணாமல் போனது கறுப்பு ஜோடி. ஸ்டூடியோ வருத்தம் தெரிவித்தது. 2015-ல் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் புதிய படம் சீனாவுக்குப் போனபோது கதாநாயகர்களில் ஒருவரான கறுப்பு நடிகர் ஜான் பொயேகாவின் உருவம் சீன போஸ்டரில் சுருங்கிப்போனது. 2018-ல் ‘பிளாக் பேந்தர்’ படத்துக்கான ஒரு சீன போஸ்டரில் நாயகனின் முகம் முகமூடிக்குள் இருந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ரசிகனின் சார்பாக, ரசிகனைக் கேட்காமலே முடிவெடுத்திருக்கிறார்.

இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். 1939 டிசம்பர் 15-ம் தேதி அட்லாண்டா நகரில் ‘கான் வித் த விண்ட்’ படத்தின் முதல் காட்சி கோலாகலமாக நடந்தது. படத்தில் நடித்த கறுப்பு நடிகர் நடிகையர் யாரும் அந்த அரங்குக்குள் நுழைய முடியவில்லை. ஜார்ஜியா மாநிலச் சட்டம் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காருவதை அனுமதிக்கவில்லை. இரண்டே மாதங்கள் கழித்து அதே படத்துக்காக ஹாட்டி மெக்டானியல் துணை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார். ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பர் அவர். விருது விழாவில் அவருக்கு மேஜை போடப்பட்டது தனியாக, சக நடிகர்களிடமிருந்து தள்ளி.

நாற்பதுகளில் எம்.ஜி.எம். ஸ்டூடியோ இதற்கு ஒரு தொழில்நுட்பத்தையே கண்டுபிடித்தது. லீனா ஹார்ன் அழகி, அருமையான பாடகி. அவரை ஸ்டூடியோ ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆனால் பெரும்பாலான படங்களில் அவருக்குக் கதையில் வேலை கிடையாது. வருவார், ஒரு பாட்டுப் பாடுவார், போய்விடுவார். மற்ற பாத்திரங்களோடு ஒரு வார்த்தை பேச மாட்டார். காரணம், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் படம் திரையிடும்போது அந்தப் பாட்டை மட்டும் கத்தரித்து எடுத்தால் கதையில் ஓட்டை விழக்கூடாது. வெட்டுவதற்கு வசதியாகவே படமாக்கப்பட்ட நட்சத்திரம் அவர்.

யார் வெட்டினார்கள்? டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே 1928 முதல் 1955 வரை தணிக்கைக் குழுவின் தலைவராக இருந்தவர் லாயிட் பின்ஃபோர்ட். திரையில் ஒரு கறுப்பர் வேலைக்காரராக இருந்தால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. அதைத் தாண்டினால் கத்தரிக்கோல். 1945-ல் ‘ப்ரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்’ படத்துக்குத் தடை. அதில் கறுப்பு நடிகர் எடி ஆண்டர்சனின் பாத்திரம் வெள்ளையரோடு அளவுக்கு மீறி உரிமை எடுத்துக்கொள்கிறதாம். 1947-ல் ‘கர்லி’ என்ற சிறுவர் படத்துக்குத் தடை. கறுப்புக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பதைக் காட்டியதுதான் குற்றம். மெம்ஃபிஸ் மக்களின் மனம் புண்படும் என்பது வாதம். அந்த மக்களோ, மெம்ஃபிஸில் தடை செய்யப்பட்டது என்பதையே விளம்பரமாக்கிக்கொண்ட ஊர் எல்லைக்கு அப்பாலுள்ள தியேட்டர்களுக்குப் போய் படம் பார்த்தார்கள்.

தடையை மீறியவர்களுக்குத் தண்டனையும் கிடைத்தது. 1949-ல் வந்த ‘பிங்கி’ வெள்ளைக்காரி போலத் தோற்றமளிக்கும் ஒரு கறுப்புப் பெண்ணின் கதை. வெள்ளை டாக்டர் ஒருவர் அவளைக் காதலிக்கிறார். அந்தக் காலத்து ஹாலிவுட் தணிக்கை விதிகள் கறுப்பர் வெள்ளையர் காதலைத் திரையில் காட்ட விடுவதில்லை. ஸ்டூடியோ அந்தக் கறுப்புப் பெண் வேடத்தை ஜீன் கிரெய்ன் என்ற வெள்ளை நடிகைக்கே கொடுத்தது. அப்படியும் டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் நகரில் அனுமதி மறுக்கப்பட்டது. அனுமதியில்லாமல் படத்தை ஓட்டிய தியேட்டர்காரருக்கு 200 டாலர் அபராதம். அவர் விடவில்லை. 1952-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

இத்தனை ஆண்டுகளும் ‘ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள்’ என்று சொன்னவர்கள் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளவே இல்லை. எந்த ரசிகர்கள்? கறுப்பர்களும் காசு கொடுத்துப் படம் பார்த்தவர்கள்தான். பக்கவாட்டுப் படிக்கட்டு வழியாக ஏறி பால்கனியில் உட்கார்ந்தார்கள். சில ஊர்களில் வெள்ளையர் வீட்டுக்குப் போன பிறகு நடுநிசிக் காட்சியில் பார்த்தார்கள். ரசிகன் என்ற சொல்லைச் சொல்லும்போது ஸ்டூடியோக்காரர்களின் மனக்கண்ணில் இவர்கள் வந்ததே இல்லை.

ஆகவே அவர்களுக்கென்று தனியே ஒரு சினிமா உருவானது. நாற்பதுகளின் இறுதிவரை இப்படிச் சுமார் 500 படங்கள் எடுக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிடப்படுகிறது. இன்று மிஞ்சியிருப்பவை 100-க்கும் குறைவு. இதில் முன்னோடி ஆஸ்கர் மிஷோ. விவசாயியாக இருந்து நாவலாசிரியர் ஆனவர். 1919-ல் முதல் படத்தை எடுத்தார். ஃபிலிம் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் தியேட்டர் முதலாளிகளைச் சந்தித்து, அடுத்த படத்துக்கு முன்பணம் வாங்கி வருவார். அப்படியே 40-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். ரசிகர்கள் இல்லாத சினிமாவில் இது நடக்காது.

இதற்காக வெள்ளை ரசிகனிடம் பாரபட்சமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ வீவர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. இல்லாத படங்களுக்குக் கதைச் சுருக்கங்களை எழுதி வெள்ளை மாணவர்களிடம் கொடுத்தார். கதை ஒன்றுதான், நடிகர்களின் நிறம் மட்டும் பிரதிக்குப் பிரதி மாறும். கறுப்பு நடிகர்களின் எண்ணிக்கை கூடக்கூட, படத்தைப் பார்க்கும் ஆர்வம் குறைந்தது. காதல் படங்களில் இது பளிச்சென்று தெரிந்தது. அந்த மாணவர்களில் பலர் தங்களை இனவெறியர்கள் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு வெறுப்புகூட இருந்திருக்காது. ‘இது நமக்கான படம் இல்லை’ என்ற எண்ணம் போதும். கதாநாயகன் கறுப்பராக இருந்தால் அது கறுப்பர் படம்; வெள்ளையராக இருந்தால் வெறும் படம்.

சில சமயம் இந்த எண்ணம் வெளிப்படையாகவே சீறும். 2012-ல் ‘த ஹங்கர் கேம்ஸ்’ வந்தபோது ரூ என்ற சிறுமியின் வேடத்தில் அமாண்ட்லா ஸ்டென்பெர்க் என்ற கறுப்புச் சிறுமி நடித்தது சில ரசிகர்களுக்குக் கோபத்தை உண்டாக்கியது. அவள் கறுப்பு என்று தெரிந்ததும் அவளது மரணம் தங்களை அவ்வளவாகப் பாதிக்கவில்லை என்றுகூடச் சிலர் எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், மூல நாவலிலேயே ரூவின் தோல் கரும்பழுப்பு என்று எழுதப்பட்டிருக்கிறது. நாவலை உருகி உருகிப் படித்தவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். மனதுக்குப் பிடித்த குழந்தை என்றால் அது வெள்ளையாகத்தானே இருக்க முடியும்!

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. படத்தின் மேல் சந்தேகம் போய், அதைப் பார்க்க வரும் கூட்டத்தின் மேல் சந்தேகம். 1989-ல் ஸ்பைக் லீயின் ‘டூ த ரைட் திங்’ வெளியாகும் முன்பே, பெரிய பத்திரிகைகளின் விமர்சகர்கள் சிலர் எச்சரிக்கை மணி அடித்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு கறுப்பு இளைஞர்கள் கலவரத்தில் இறங்கிவிடலாம் என்பது அவர்கள் பயம். படம் வந்தது. கூட்டம் வந்தது. கலவரம் வரவில்லை. மாஃபியா படம் பார்க்கும் வெள்ளையர்கள் துப்பாக்கியோடு வெளியே வருவார்கள் என்று யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. கறுப்பு ரசிகனுக்கு மட்டும் திரைக்கும் தெருவுக்கும் வித்தியாசம் தெரியாது என்று முடிவு கட்டினார்கள். 1999-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், தேசம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் அதே படத்தைச் சேர்த்தது.

1991-ல் நிலைமை சிக்கலானது. ஜான் சிங்கிள்டனின் ‘பாய்ஸ் என் த ஹுட்’ வெளியானபோது சில தியேட்டர்களில் நிஜமாகவே துப்பாக்கிச் சூடு நடந்தது. சில தியேட்டர்கள் படத்தை நிறுத்திவிட்டன. அந்தப் படமோ லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களின் துப்பாக்கிக் கலாசாரத்துக்கு எதிரானது. பெருவாரியான தியேட்டர்களில் ரசிகர்கள் அமைதியாகப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சுமார் 60 லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட படம் அமெரிக்காவில் மட்டும் 5.7 கோடி டாலர் ஈட்டியது. 24 வயது சிங்கிள்டன் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பர் ஆனார்.

ரசிகர்களைப் பற்றிய பயம் எவ்வளவு தூரம் நிஜம் என்பதற்கு 1967 ஒரு நல்ல பரீட்சை. அந்த ஆண்டு ஜூன் 12-ம் தேதிதான் கறுப்பர் வெள்ளையர் திருமணத்தைத் தடை செய்யும் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை 16 மாநிலங்களில் அது குற்றம். அதே ஆண்டு டிசம்பரில், வெள்ளைப் பெண்ணைக் கைப்பிடிக்க விரும்பும் கறுப்பு டாக்டராக சிட்னி பாய்ட்டியர் நடித்த ‘கெஸ் ஹூ இஸ் கமிங் டு டின்னர்’ வெளியானது. தெற்கில் இந்தப் படத்தைச் சீந்த மாட்டார்கள் என்பது வியாபாரிகளின் ஜோசியம். தெற்கிலும் படம் ஓடியது. 1968-ல் தியேட்டர்காரர்கள் ஓட்டுப் போட்டு வசூல் ராஜாக்களைத் தேர்ந்தெடுத்தபோது முதலிடத்தில் நின்றவர் பாய்ட்டியர்.

ஆனால் அந்த வெற்றிக்கு அவர் கொடுத்த விலையைக் கறுப்பு விமர்சகர்கள் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். அந்த டாக்டர் உலகப் புகழ் பெற்றவர், குறையே இல்லாதவர், பெண்ணின் பெற்றோர் சம்மதிக்காவிட்டால் விலகிக்கொள்ளவும் தயாராக இருப்பவர். வெள்ளை மாப்பிள்ளை சுமாரான பையனாக இருந்தாலே போதும். கறுப்பு மாப்பிள்ளை மகானாக இருக்க வேண்டும். படத்தை ஓடவைத்த ரசிகர்களிடமும் ஒரு நிபந்தனை இருந்தது.

கறுப்பர் நடித்த படத்தைக் குறை சொல்வதெல்லாம் பாரபட்சம் என்றும் ஆகிவிடாது. 1929-ல் எம்.ஜி.எம். முழுக்கக் கறுப்பு நடிகர்களை வைத்து எடுத்த ‘ஹாலெலூயா’ நியூயார்க்கில் இரண்டு தியேட்டர்களில் ஒரே சமயத்தில் வெளியானது. ஒன்று நகரின் மையத்தில், இன்னொன்று கறுப்பர்கள் வாழும் ஹார்லெமில். கறுப்பு ரசிகர்கள் ஹார்லெமோடு நின்றுகொள்ளட்டும் என்பதற்கான ஏற்பாடு இது என்று கறுப்பர்களே கோபப்பட்டார்கள். 1985-ல் ஸ்பீல்பெர்கின் ‘த கலர் பர்ப்பிள்’ கறுப்பு ஆண்களைக் கொடியவர்களாகக் காட்டுகிறது என்று கறுப்பர் அமைப்பினர் எதிர்த்தார்கள். 11 ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்ற அந்தப் படத்துக்கு ஒரு விருதுகூடக் கிடைக்காதபோது அதற்கும் கோபப்பட்டார்கள். இரண்டு கோபத்திலும் நியாயம் இருந்தது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு படங்கள் மட்டுமே வரும்போது ஒவ்வொரு படமும் ஓர் இனத்தின் மொத்த மானத்தையும் சுமக்க வேண்டியிருக்கிறது. வெள்ளையர் படம் ஒன்று மோசமாக இருந்தால் அடுத்த வாரம் வேறு படம் வரும்.

வியாபாரத்தின் கணக்கும் இப்படித்தான். ஜார்ஜ் லூகாஸ் இரண்டாம் உலகப் போரின் கறுப்பு விமானிகளைப் பற்றி ‘ரெட் டெய்ல்ஸ்’ எடுக்க முயன்றபோது, இதற்கு வெளிநாட்டு மார்க்கெட் கிடையாது என்று ஸ்டூடியோக்கள் கைவிரித்துவிட்டதாக 2012-ல் டெலிவிஷனில் சொன்னார். ‘ஸ்டார் வார்ஸ்’ கொடுத்தவருக்கே இந்தக் கதி. சொந்தப் பணம் சுமார் 5.8 கோடி டாலர் போட்டு எடுத்தார். அமெரிக்காவில் 5 கோடி வந்தது. விமர்சகர்களுக்குப் படம் பிடிக்கவில்லை. ஆனால் வியாபாரிகள் படித்துக்கொண்ட பாடம் திரைக்கதையைப் பற்றியதல்ல. 2014-ல் சோனி நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களிலிருந்து திருடப்பட்டு வெளியான கடிதங்களில் ஒன்று இதைப் பச்சையாகவே சொன்னது. வெளிநாட்டு ரசிகர்கள் இனவெறி பிடித்தவர்கள், ஆகவே பெரிய பட்ஜெட் படங்களில் டென்சல் வாஷிங்டனைப் போடுவது புத்திசாலித்தனம் அல்ல என்று ஒரு தயாரிப்பாளர் எழுதியிருந்தார். உதாரணம் காட்டப்பட்ட ‘த ஈக்வலைசர்’ வெளிநாடுகளில் ஈட்டியது 9 கோடி டாலர்.

தோற்றால் நிறம் காரணம், ஜெயித்தால் விதிவிலக்கு. இந்த இரண்டு விதிகளையும் கையில் வைத்துக்கொண்டால் எந்தக் காலத்திலும் எண்ணத்தை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. 2016-ல் ‘ஹிடன் ஃபிகர்ஸ்’ அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பட்டியலில் இருந்த எல்லாப் படங்களையும்விட அமெரிக்காவில் அதிகமாக வசூலித்தது. விதிவிலக்கு. 2017-ல் 45 லட்சம் டாலரில் எடுத்த ‘கெட் அவுட்’ 25 கோடிக்கு மேல் அள்ளியது. விதிவிலக்கு. 2018-ல் ‘பிளாக் பேந்தர்’ உலகெங்கும் 130 கோடி டாலரைத் தாண்டியது. அதில் ஏறக்குறைய பாதி வெளிநாட்டுப் பணம். மிகப் பெரிய விதிவிலக்கு. 2021-ல் மெக்கின்சி நிறுவனம் கணக்குப் பார்த்துச் சொன்னது: கறுப்பர்கள் முன்னணியில் உள்ள படங்கள் மற்றவற்றைவிட 30 சதவீதம் குறைவான நாடுகளிலேயே திரையிடப்படுகின்றன; இந்தத் துறையின் இனப் பாகுபாட்டால் ஆண்டுக்கு 1,000 கோடி டாலர் நழுவிப்போகிறது. கடையைத் திறக்காமலே வியாபாரம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

2023-ல் ‘த லிட்டில் மெர்மெய்ட்’ படத்தில் கறுப்பு நடிகை ஹாலி பெய்லி கடல்கன்னியாக வந்தபோது இரண்டு தரப்புக்கும் ஆதாரம் கிடைத்தது. கற்பனைப் பிராணிக்கு நிறம் கற்பிக்கும் சண்டை படம் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் கிட்டத்தட்ட 30 கோடி டாலர் வசூல். சீனாவில் 40 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. சீனர்களின் நிறவெறி என்று உடனே தீர்ப்பு எழுதப்பட்டது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. நடிகையின் நிறத்தைப் பற்றி அங்கே வந்த விமர்சனங்கள் கேவலமாகவே இருந்தன. ஆனால் அதே சீனாவில்தான் ஐந்து ஆண்டுகளுக்கு முன் ‘பிளாக் பேந்தர்’ 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஒரு தேசத்து ரசிகனின் மனம் ஒரே போஸ்டரில் அடங்கிவிடுவதில்லை.

ஆஸ்கர் மிஷோ எடுத்த படங்களில் ஒன்று ‘விதின் அவர் கேட்ஸ்’. 1920-ல் சிகாகோ தணிக்கைக் குழு முதலில் அனுமதி மறுத்தது. முந்தைய ஆண்டு அந்த நகரத்தில் நடந்த இனக் கலவரத்தில் 38 பேர் இறந்திருந்தார்கள். படம் அதை மீண்டும் மூட்டிவிடும் என்ற பயம். வெட்டப்பட்டு, அங்கங்கே தடுக்கப்பட்டு, பிறகு படமே காணாமல் போனது. எழுபதுகளில் ஒரே ஒரு பிரதி கிடைத்தது. ஸ்பானிஷ் தலைப்போடு, ஸ்பெயினில். கறுப்பு அமெரிக்கர் ஒருவர் இயக்கியவற்றில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய முழுநீளப் படம் அதுதான். 1993-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்தப் பிரதியிலிருந்து படத்தை மீட்டெடுத்தது. அப்படியானால் வெளிநாட்டு மார்க்கெட் என்பது ஒன்று அன்றைக்கே இருந்திருக்கிறது. கறுப்பர் படத்தை யாரோ ஸ்பெயினுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள், யாரோ திரையிட்டிருக்கிறார்கள், யாரோ டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள்.